பாதை நன்று, ஊர் எங்கே? – புகைப்படக் கேள்வி பதில்

சாலை, தண்டவாளம், மதில், மரவரிசை, நீண்ட நிழல் என்று பார்ப்பவரின் கண்ணைப் படத்துக்குள் அழைத்துச் செல்லும் எதையும் புகைப்படக்காரர்கள் ‘இட்டுச்செல்லும் கோடு’ என்பார்கள். அத்தகைய கோடுகளை வைத்து மொரீசியசில் எடுத்த படங்களை ஐயங்களுடன் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்தவற்றுள் பிறருக்கும் பயன்படக்கூடிய ஆறு கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். படங்களை அச்சிட இடமில்லை என்பதால், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதைப் பதிலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மெட்ரோ நடைமேடையின் ஓரத்தில் நின்று தண்டவாளத்தை எடுத்திருக்கிறேன். நண்பர்கள் எல்லோரும் அருமை என்கிறார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து நானே பார்க்கும்போது படம் வெறிச்சென்று இருக்கிறது. என் பாட்டனார் பழைய இரயிலில் போர்ட் லூயிக்குப் போய்வந்தவர். அந்த நினைவில்தான் இதை எடுத்தேன். எங்கே தவறிவிட்டது, ஐயா?
– கியூர்ப்பீப் வாசகர்

பதில்: உங்கள் படத்தில் தண்டவாளங்கள் இடப்பக்கக் கீழ்மூலைக்கு அருகிலிருந்து புறப்பட்டு, வலப்பக்கம் சாய்ந்து, படத்தின் மேற்பகுதியில் ஒன்றாகக் குவிகின்றன. தொடுவானம் சாயவில்லை, இரும்பின் மேல் விழுந்திருக்கும் காலை வெளிச்சமும் நன்றாகவே இருக்கிறது. எனவே கோட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குறை, அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. அங்கே வெளிறிய வானமும் ஒரு மின்கம்பமும் மட்டுமே உள்ளன. போதாக்குறைக்கு, வலது ஓரத்தில் பளிச்சென்ற மஞ்சள் பலகை ஒன்று எழுத்துகளுடன் நிற்கிறது. எழுத்தைக் கண்டால் படிக்காமல் விடாதது நம் கண்ணின் இயல்பு என்பதால், தண்டவாளத்தின் மேல் நடந்து சென்ற கண் பாதி வழியிலேயே இறங்கிப் பலகையைப் படிக்கப் போய்விடுகிறது.

நான் படம் எடுக்கப் பழகிய காலத்தில், பிலாவோ என்னும் சவுக்கு மரங்களுக்கு நடுவே கடற்கரைக்குச் செல்லும் மணற்பாதை ஒன்றை எடுத்து, தொழில் தெரிந்த ஒரு பெரியவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “பாதை நன்றாக இருக்கிறது தம்பி, ஊர் எங்கே?” என்று மட்டும் கேட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று உங்களிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவர்கள் முதலில் புள்ளிகளை வைத்துவிட்டு, அதன் பிறகே கோட்டை இழுக்கிறார்கள். தண்டவாளத்தைக் கண்டவுடன் கேமராவைத் தூக்கிவிடும் நாமோ கோட்டை முதலில் இழுத்துவிட்டுப் புள்ளியைப் பிறகு தேடுகிறோம்.

உங்களுக்குப் புள்ளி கையிலேயே இருக்கிறது. 1864-இல் ஓடத் தொடங்கிய பழைய இரயில், 1956-இல் பயணிகளை ஏற்றுவதையும் 1964-இல் சரக்கு ஏற்றுவதையும் நிறுத்திக்கொண்டது. இன்றைய மெட்ரோ பெரும்பாலும் அந்தப் பழைய தடத்தையே பற்றிக்கொண்டு 2022-இல் உங்கள் ஊரை எட்டியது. பாட்டனார் நடமாடும் நிலையில் இருந்தால் அவரையே அழைத்துச் சென்று நடைமேடையில் நிறுத்துங்கள். கோடுகள் குவியும் இடத்திலேயே நிறுத்த வேண்டாம், அங்கே எறும்பளவுதான் தெரிவார்; உங்களிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தொலைவில், தண்டவாளம் குவியும் திசையைப் பார்த்தபடி அவர் நின்றால் போதும். கோடு அவரைக் கடந்து செல்லும்போது, அவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பார்ப்பவரும் தேடுவார். மஞ்சள் பலகை பிரேமுக்குள் வராத இடமாகப் பார்த்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். ஆனால் நடைமேடையின் பாதுகாப்புக் கோட்டை மட்டும் எந்தப் படத்துக்காகவும் தாண்ட வேண்டாம்.

கேள்வி: கரும்புத் தோட்டத்து மண்பாதையை எடுத்த என் படத்தைப் பார்த்தவர்கள், கண் இடப்பக்கமாக வெளியே போய்விடுகிறது என்கிறார்கள். கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் சரியாகிவிடுமா?
– திரியோலே வாசகி

பதில்: திருப்பினால் கண் வலப்பக்கமாக வெளியே போகும், அவ்வளவுதான் வேறுபாடு. நாம் வீட்டுக் கிரியோலில் ‘கரோ கான்’ என்று சொல்லும் கரும்புக்காட்டில், அறுவடைக்கு முன்பு பயிர் ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்து பாதைக்கு இருபுறமும் சுவர் எழுப்பிவிடும். உங்கள் படத்தில் அந்தச் சுவர் வலப்பக்கத்தில் அடர்ந்து இருண்டும், இடப்பக்கத்தில் திறந்து வெளிச்சமாகவும் இருக்கிறது. பாதையும் அந்த வெளிச்சத்தை நோக்கியே வளைந்து விளிம்பில் அறுபடுகிறது. வளைவு படத்துக்குள்ளேயே முடியும் வரை பத்துப் பதினைந்து அடி முன்னே சென்றோ பின்னே வந்தோ பார்த்திருந்தால், அதே பாதை ஆங்கில எழுத்து ‘எஸ்’ போல மறுபடியும் உள்ளே திரும்பியிருக்கக்கூடும். கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தின் ஓரத்தில் அந்தத் திருப்பம் தெரிகிறது. அந்த இடத்தில் நின்று, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்காமல், கையை உயர்த்தித் தலைக்கு மேல் பிடித்து எடுங்கள். தாழ்ந்த கோணம் நேர்கோட்டுக்கு வலிமை தரும். வளைவையோ அது தட்டையாக அமுக்கி மறைத்துவிடும். மக்கோந்தே முனையில் கடலோரச் சாலையின் வளைவை எல்லோரும் மேட்டின் மேலேறி நின்று எடுப்பது இதனால்தான்.

இடவலம் திருப்புவது பற்றி ஒரு சொல். உங்கள் படத்தின் பின்னணியில் பீட்டர் போத் மலை, உச்சியில் உருண்டைப் பாறையுடன், தெளிவாகத் தெரிகிறது. அதைத் திருப்பிப் போட்டால் இந்தத் தீவில் பிறந்த பள்ளிப்பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: சனிக்கிழமைகளில் எங்கள் சங்கக் கூடத்தில் பதினைந்து பேர் கூடி ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் கருத்துச் சொல்கிறோம். பாதிப் பேர் ‘நன்று’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பேர் மூன்றில் ஒரு பங்கு விதி (முக்கியப் பொருளை நடுவில் வைக்காமல் படத்தின் மூன்றில் ஒரு பங்கில் வைப்பது), கோட்டு விதி என்று அடுக்கி, புதிதாக வருபவர்களை அழவைத்துவிடுகிறார்கள். நான் தமிழாசிரியர், கட்டுரை திருத்தத் தெரியும், படம் திருத்தத் தெரியவில்லை. எப்படிக் கருத்துச் சொல்வது?
– ரோஸ்ஹில் வாசகர்

பதில்: ஐயா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது, ஆகவே சற்று நீட்டிச் சொல்கிறேன்.

முதலில், கோடு கண்ணை இழுத்துச் செல்கிறது என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஆல்பிரட் யார்பஸ் என்ற உருசிய ஆய்வாளர், படம் பார்ப்பவர்களின் கண் எங்கெங்கே நிற்கிறது என்பதைக் கருவியால் பதிவு செய்தார்; அந்த ஆய்வு 1967-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவருடைய பதிவுகளில் கண் கோடுகளின் மேல் வண்டிபோல ஊர்ந்து செல்லவில்லை. முகத்திலிருந்து முகத்துக்கும், உருவத்திலிருந்து உருவத்துக்கும் தாவித் தாவி நின்றது. ஒரே ஓவியத்தைக் காட்டி, இவர்களின் வயது என்ன, இவர்களின் வசதி எப்படி என்று கேள்வியை மாற்றியபோது கண் சென்ற தடமும் மாறியது. நம் கண் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் மாறுகிறது. ஆகவே ஒரு படத்தின் எதிரே நின்று, உங்கள் கோடு என் கண்ணை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்துச் சென்றது என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் பார்த்ததைச் சொல்லவில்லை, படித்ததைச் சொல்கிறார். கோடு மூக்கணாங்கயிறு அன்று. அது படத்துக்கு ஆழத்தைத் தருகிறது. அருகில் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் ஒன்றோடொன்று உறவாக்குகிறது. இவ்வளவு செய்தாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது என்பது என் எண்ணம்.

இதிலிருந்து உங்கள் கூட்டத்துக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது. படத்தைத் திரையில் போட்டவுடன் பத்து நொடி யாரும் பேச வேண்டாம். எடுத்தவரும் விளக்கம் சொல்ல வேண்டாம். விளக்கத்தைக் கேட்டுவிட்டால், யார்பஸ் கேள்வியை மாற்றியதுபோல உங்கள் கண்ணும் மாறிவிடும். அதன் பிறகு ஒவ்வொருவரும், என் கண் முதலில் இங்கே நின்றது, பிறகு அங்கே போனது, இந்த இடத்துக்குப் போகவே இல்லை என்று தன் கண்ணின் கதையை மட்டும் சொல்லட்டும். நன்று, தீது என்ற தீர்ப்பு வேண்டாம். பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் ஒரே சிவப்பு வாளியைச் சொன்னால், அந்த வாளி படத்தைக் கெடுக்கிறது என்று எடுத்தவருக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அவரே முகம் சுளிப்பார். இதற்கெல்லாம் பின்புதான், நீங்கள் எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று அவரைக் கேளுங்கள். நினைத்ததற்கும் மற்றவர் கண்டதற்கும் இடையே உள்ள தூரமே அன்றைய பாடம்.

திருத்தம் சொல்லும் கட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள்; அதுவும் அவர் அடுத்த சனிக்கிழமைக்குள் செய்துபார்க்கக்கூடியதாக இருக்கட்டும். மாணவர் கட்டுரையில் எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் அவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ‘கோட்டு விதியை மீறிவிட்டீர்கள்’ என்று சொல்வதைக் காட்டிலும், ‘இந்த மதில் என்னைக் கதவு வரை கொண்டுபோனது, ஆனால் கதவு மூடியிருந்தது; திறந்திருக்கும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்’ என்று சொல்வது பயன் தரும்.

கோடு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஐயம் வந்தால் கட்டைவிரலால் அதை மறைத்துப் பாருங்கள். கோடு மறைந்த பின்பும் படம் அப்படியே நின்றால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது. கோடு சேரும் இடத்தை மறைத்துப் பாருங்கள். அப்போதும் படம் மாறவில்லை என்றால், கியூர்ப்பீப் வாசகருக்கு நான் எழுதியதைப் படம் எடுத்தவரும் படிக்கட்டும். ‘நன்று’ என்று மட்டும் சொல்பவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். எது நன்று என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் போதும்.

கேள்வி: கோடு பிரேமின் மூலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது சரியா?
– மகேபூர் வாசகர்

பதில்: கட்டாயமில்லை. சரியாக மூலையில் தொடங்கும் கோடு, படத்தை இரண்டு முக்கோணங்களாக வெட்டியதுபோல் காட்டும். அச்சிலோ திரையிலோ ஓரம் சற்று வெட்டுப்பட்டாலும் கணக்குத் தவறும். மூலைக்குச் சற்று உள்ளே, கீழ்விளிம்பில் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

கேள்வி: தைப்பூசக் காவடியன்று கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயில் படிக்கட்டைக் கீழிருந்து எடுத்தேன். படிகள் நன்றாக மேலே ஏறுகின்றன, ஆனால் கோயில் தீப்பெட்டி போலச் சிறுத்துவிட்டது. நேரில் பார்த்தபோது இருந்த உயரம் படத்தில் இல்லை. நண்பகலில் எடுத்ததாலா, செல்பேசியில் எடுத்ததாலா?
– காத்ர் போர்ன் வாசகி

பதில்: இரண்டும் ஓரளவு காரணம். படத்தைப் பார்த்தால் செல்பேசியின் மிக அகன்ற லென்சில் எடுத்தது தெரிகிறது. அந்த லென்ஸ் காலடியில் இருக்கும் படியைப் பெரிதாக்கும், தொலைவில் இருப்பதைச் சுருக்கும். இதற்கு லென்சைக் குறை கூறுவதைவிட, நாம் நிற்கும் இடத்தைக் குறை கூறுவதே சரி. கோடுகள் எவ்வளவு வேகமாகக் குவிகின்றன என்பதைத் தீர்மானிப்பது, கேமரா எங்கே இருக்கிறது என்பதுதான். அகன்ற லென்ஸ் நம்மை முதல் படிக்கு மிக அருகே போகத் தூண்டுகிறது, அவ்வளவே. இடம் இருக்கும் அளவுக்குப் பின்னால் சென்று, செல்பேசியில் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்சைத் தேர்ந்து எடுங்கள். படிகள் அடுக்கடுக்காக நெருங்கும், கோயில் அவற்றின் தலைமேல் எழுந்து நிற்கும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, நம் தீவு தெற்கே இருபது பாகைக் கோட்டில் இருக்கிறது. ஜனவரி 20-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேராகத் தலைக்கு மேல் வருகிறது. தைப்பூசமோ ஜனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோதான் பெரும்பாலும் அமைகிறது. ஆகவே அன்று பகல் பன்னிரண்டரை மணியளவில் எந்தப் படிக்கும் நீண்ட நிழல் இராது. படியின் மேல்தளமும் முகப்பும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவது பக்கத்திலிருந்து விழும் சாய்ந்த வெளிச்சத்தால்தான். காலை எட்டு மணிக்கு முன்பு அதே படிக்கட்டு வேறொரு படிக்கட்டாகத் தெரியும்.

ஆனால் காவடி நமக்காகக் காத்திருக்காது. நண்பகலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், படிகளை விட்டுவிட்டுக் காவடி எடுப்பவர்களின் வரிசையையே கோடாகக் கொள்ளுங்கள். உங்கள் மூன்றாவது படத்தில், நீங்கள் கவனிக்காமலேயே, அது அமைந்திருக்கிறது: காவடிகளின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே மேலேறுகின்றன, நடுவில் ஒரு சிறுவன் மட்டும் திரும்பிக் கேமராவைப் பார்க்கிறான். அனுப்பிய ஐந்தில் அதுதான் படம். அந்தப் படத்துக்காக நீங்கள் வரிசைக்குள் புகுந்து வழிமறிக்காமல் ஓரத்தில் நின்றே எடுத்திருக்கிறீர்கள். நாவிலும் கன்னத்திலும் வேல் தரித்து நடப்பவர்களின் முன் பின்னோக்கி நடந்து படமெடுக்கும் வழக்கம் பெருகிவரும் இந்நாளில் இதைக் குறிப்பிட வேண்டும் என்று தோன்றியது.

கேள்வி: ‘ஆப்ரவாசி காட்’ எனப்படும் பழைய குடியேற்றக் கூடத்தில் உள்ள கற்படிகளை இரண்டு விதமாக எடுத்திருக்கிறேன்: ஒன்று மேலிருந்து கீழ்நோக்கி, மற்றொன்று கீழிருந்து மேல்நோக்கி. என் பாட்டனாரின் தந்தை அந்த வழியாக வந்தவர். கண்காட்சிக்கு எதை அனுப்பலாம்? கோடு எதில் நன்றாக இருக்கிறது?
– போர்ட் லூயி வாசகர்

பதில்: கோட்டை மட்டும் பார்த்தால் மேலிருந்து எடுத்த படம்தான் சிறந்தது. இருபுறக் கற்சுவர்களும் சீராகக் குவிகின்றன, படிகளின் விளிம்புகளும் தெளிவாக இருக்கின்றன. ஒரு கட்டடக்கலைஞரின் கண்காட்சி என்றால் அதையே அனுப்பச் சொல்வேன்.

ஆனால் நீங்கள் அனுப்பப்போவது அப்படிப்பட்ட கண்காட்சிக்கு அன்று. 1849-இல் தொடங்கிய அந்தக் குடியேற்றக் கூடத்தை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரின் தொடர்பு அதற்கு இருப்பதனால்தான். கப்பலிலிருந்து இறங்கியவர் இந்தப் படிகளை மேலிருந்து பார்த்திருக்க மாட்டார். மேலிருந்து பார்த்தவர்கள் பெயர் எழுதிக்கொண்டவர்கள். உங்கள் முதல் படம், உங்களை அறியாமலேயே, அவர்கள் நின்ற இடத்தில் நின்று எடுக்கப்பட்டிருக்கிறது.

கீழிருந்து எடுத்த படத்தில் கோடு கலங்கலாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. படிகளின் விளிம்புகள் படத்துக்குக் குறுக்கே ஓடுகின்றன. குறுக்குக் கோடு கண்ணை இட்டுச்செல்லாது, நிறுத்தி வைக்கும். கண் ஒரு படியில் நின்று, அடுத்ததில் நின்று, ஏறி ஏறித்தான் மேலே போக வேண்டியிருக்கிறது. இதைக் குறை என்று உங்கள் நண்பர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். நான் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. வேகமாக ஓடிச் சேரும் கோடு இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

இருந்தாலும் இப்போதிருக்கும் நிலையில் அதை அனுப்பிவிட வேண்டாம். நீங்கள் நின்ற உயரத்திலிருந்து எடுத்ததால் மேற்படிகள் ஒன்றன்மேல் ஒன்று தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முழந்தாளிட்டு, கேமராவை இரண்டாம் படியின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு படியின் முகப்பும் தனித்தனியே எழும்பி நிற்கும். முதல் படியும் மேலேயுள்ள சுவரும் ஒருங்கே கூர்மையாக வர வேண்டுமே என்ற கவலை வேண்டாம்: முழுச்சட்டகக் கேமராவில் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவுக்கு உணரி உள்ளது) 24 மி.மீ. அகன்ற லென்சின் ஒளித்துளையை எப்/8 அளவில் வைத்து, ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தொலைவில் போகஸ் செய்தால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். செல்பேசியில் மூன்றாவது நான்காவது படியைத் தொட்டுக் காட்டினாலே போதுமானது. நம் ஊர்க் கருங்கல் எரிமலைப் பாறை. வெயிலில் அது விளிம்புகளையெல்லாம் வெறும் கருமையாக விழுங்கிவிடும், மழை ஓய்ந்து வானம் மூடியிருக்கும் வேளையிலோ ஒவ்வொரு விளிம்பிலும் ஈர மினுக்கு ஓடும். போர்ட் லூயியில் அப்படி ஒரு காலைப்பொழுது கிடைக்கச் சில வாரம் காத்திருக்க நேரலாம். எடுத்தவுடன் எதையும் திருத்தாமல், நேரத்தைக் குறித்து, எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.